தொழில் ஆசை இருக்கிறது, எந்தத் தொழில் என்றுதான் தெரியவில்லை: வண்ணாரப்பேட்டை மாணவி ஒருவருக்கு ஒரு பதில்

கேட்டிருப்பவர் பழைய வண்ணாரப்பேட்டைப் பெண். பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறார். அம்மா எம்.சி. ரோட்டுக் கடை ஒன்றுக்கு வீட்டிலிருந்தே இன்ஸ்கர்ட்டும் நைட்டியும் தைத்துக் கொடுக்கிறார், பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. அப்பா காசிமேட்டில் ஐஸ் வண்டி ஓட்டுகிறார். "என்றைக்காவது சொந்தமாக ஒரு தொழில் நடத்த வேண்டும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை. எந்தத் தொழில் என்று தெரியவில்லை, கையில் பணமும் இல்லை. வீட்டில் பேங்க் பரீட்சைக்குப் படி என்கிறார்கள். படிக்கும்போதே நான் என்ன செய்யலாம்?" இதுதான் கேள்வி.

மண்ணடியில் உட்கார்ந்து சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுவதும், ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வதும், பேங்க் லோனுக்குத் திட்ட அறிக்கை போட்டுத் தருவதும்தான் என் பிழைப்பு. அடுத்தவர் கணக்கு நோட்டைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எந்தத் தொழில் என்று தெரியாதது ஒரு குறையே இல்லை தங்கச்சி. நான் பார்த்து நொடித்துப் போனவர்களில் பெரும்பாலோர் தொழில் இதுதான் என்று முதல் நாளே முடிவு செய்தவர்கள். கடைக்கு பெயர் வைத்து, போர்டு அடித்து, லைட் போட்டு, ரிப்பன் வெட்டியாகிவிடும். அந்த லைனில் பணம் எப்படிச் சுற்றுகிறது என்பதை அதற்கப்புறம்தான் கற்றுக்கொள்வார்கள், அதுவும் சொந்தக் காசில். சரக்கு யாரிடமிருந்து வருகிறது, எத்தனை நாள் கடனுக்கு வருகிறது, விற்ற காசு எத்தனை நாளில் திரும்புகிறது, நடுவில் எங்கே போய் முடங்குகிறது, இந்த நாலும் தெரிந்தால் அந்த லைன் தெரியும். இவற்றைத் தெரிந்துகொள்ள முதல் போட வேண்டியதில்லை. படிக்கிற பிள்ளைக்கு அதற்கான நேரமும் இருக்கிறது. அதனால் இப்போதைக்கு ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தினமும் கிட்டே இருந்து பார்க்கக்கூடிய ஒரு லைனைத் தேர்ந்தெடுங்கள், போதும்.

உங்கள் வீட்டிலேயே அப்படி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அது கூலி என்பதால் உங்கள் கண்ணுக்குத் தொழிலாகப் பட்டிருக்காது. அம்மா தைத்து வைத்திருக்கிற இன்ஸ்கர்ட் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பாப்ளின் துணி, இடுப்புப் பட்டி, அதற்குள் நாடா, கீழே மடிப்பு, உள்பக்கம் ஓவர்லாக். துணி கோடவுன் தெரு மொத்தக் கடையில் பண்டலாக வாங்கியதாக இருக்கும். கட்டிங் மாஸ்டர் பல மடிப்பு அடுக்கி ஒரே வெட்டாக வெட்டுவார். அந்த அடுக்கில் எத்தனை பீஸ் தேறுகிறது, ஓரத்தில் விழுகிற துண்டு இடுப்புப் பட்டிக்கு ஆகுமா இல்லை குப்பைக்குப் போகுமா என்பதில்தான் முதலாளியின் லாபத்தில் பெரும்பங்கு இருக்கிறது. தையல் கூலியை இழுத்துப் பிடித்து அவர் மிச்சம் பண்ணுவதைவிட இதில் மிச்சம் பண்ணுவது அதிகம். அந்த வெட்டுக்குப் பிறகுதான் டஜன் கணக்கில் கட்டிய மூட்டை உங்கள் வீட்டுக்கு வருகிறது.

அம்மாவிடம் சில விஷயங்கள் கேட்டு வையுங்கள். எந்த மாதத்தில் மூட்டை வரத்து குறைகிறது? தீபாவளிக்கு எத்தனை வாரம் முன்னால் ராத்திரி பகல் பார்க்காமல் தைக்கச் சொல்கிறார்கள்? எந்தக் கலர் திரும்பத் திரும்ப வருகிறது, எந்தக் கலர் ஒரு தடவை வந்து அப்புறம் வரவே இல்லை? கூலி எந்த மாதத்தில் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போகிறது? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. கூலி தள்ளிப்போகிற மாதம்தான் முதலாளி கையில் ரொக்கம் இல்லாத மாதம். சரக்கு கடையில் இருக்கும், காசு வெளியூர் வியாபாரிகளிடம் நிற்கும். அவருடைய கணக்கு நோட்டைத் திறக்காமலே அவர் நிலவரம் உங்கள் அம்மாவுக்குத் தெரியும், இதுவரை யாரும் அம்மாவிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கலரைப் பற்றிக் கேட்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. இன்ஸ்கர்ட்டுக்கு சைஸ் பெரிய தொல்லை இல்லை, கலர்தான் தொல்லை. புடவைக்கு மேட்ச் ஆகவில்லை என்றால் எடுக்க மாட்டார்கள். அதனால் கடைக்காரர் ஏகப்பட்ட கலரை வாங்கி அடுக்க வேண்டும், அதில் பாதி நகரும், மீதி அலமாரியிலேயே தூங்கும். நைட்டிக்கு நேர்மாறு. கலர், பூப்போட்டது, கட்டம் போட்டது எல்லாம் கண்ணுக்குப் பிடித்தால் ஓடிவிடும், எக்ஸெல்லும் டபுள் எக்ஸெல்லும் தீர்ந்துபோய் வேறு சைஸ் தேங்கும். தூங்குகிற சரக்கு எது என்று தெரிந்தவர்தான் அந்த லைனில் நிலைக்கிறார்.

அப்பா வேலை செய்கிற இடத்தையும் ஒரு விடியற்காலை போய்ப் பாருங்கள். மூன்று மூன்றரை மணிக்கெல்லாம் காசிமேட்டில் ஏலம் சூடு பிடித்திருக்கும். கூடைக்கு ஏலம் எடுக்கிற அம்மாக்கள் அங்கேயே ஐஸ் தூவி, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, காலை ஏழு மணிக்குத் தெருவில் கூவி விற்பார்கள். மத்தியானத்துக்குள் முதல் திரும்பிவிடும். துணியில் மாதக்கணக்கில் சுற்றுகிற பணம் மீனில் ஒரே நாளில் சுற்றுகிறது. ஆனால் விற்காத மீன் சாயங்காலத்துக்குள் பாதி விலை, மறுநாள் கருவாட்டு விலை. விற்காத நைட்டி அடுத்த மாதமும் நைட்டிதான். சீக்கிரம் சுற்றுகிற பணத்துக்கு சீக்கிரம் அழிகிற சரக்கு, மெதுவாகச் சுற்றுகிற பணத்துக்கு அழியாத சரக்கு. எந்த வியாபாரத்தை எடுத்தாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது ஒரு இடத்தில்தான் அது நிற்கும். உங்கள் மனசுக்கு எது தாங்கும் என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொன்றும் அங்கே கற்றுக்கொள்ளலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த இரண்டு மாதத்தில் ஐஸ் வண்டிக்கு என்ன வரும்படி என்று உங்கள் வீட்டு அடுப்பங்கரைக்கே தெரிந்திருக்கும். தடைக்காலம் எப்போது வரும் என்று காலண்டரில் இருக்கிறது, ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் அதற்குப் பணம் எடுத்து வைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். எல்லா லைனிலும் இப்படி ஒரு தடைக்காலம் உண்டு. ஆனால் அதற்கெல்லாம் அரசாங்கம் தேதி அறிவிப்பதில்லை.

சரி, பார்ப்பது மட்டும் போதுமா என்றால், போதாது. கொஞ்சம் செய்தும் பார்க்க வேண்டும். ஒரு பேச்சுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன், விலை எல்லாம் என் கற்பனை, கணக்கின் போக்கு மட்டும் நிஜம். மொத்த விலையில் நைட்டி ஒன்று 150 ரூபாய் என்று 50 பீஸ் எடுக்கிறீர்கள். முதல் 7,500. தெருவில், கல்லூரித் தோழிகளின் வீடுகளில், அம்மாவின் மகளிர் குழுவில் 220 ரூபாய்க்கு விற்கிறீர்கள். மாதக் கடைசியில் 35 பீஸ் ரொக்கத்துக்குப் போயிருக்கும். 7 பீஸ் "சம்பளம் வந்ததும் தரேன்" என்று போயிருக்கும். 8 பீஸ் சைஸ் சேராமல் பையிலேயே இருக்கும். நோட்டில் பார்த்தால் 42 பீஸ் விற்றாகிவிட்டது, பீஸுக்கு 70 ரூபாய் லாபம், மொத்தம் 2,940. கையில் பார்த்தால் 35 பீஸின் காசு 7,700, போட்ட முதல் 7,500 போக மிச்சம் 200 ரூபாய். மிச்ச லாபமெல்லாம் அந்த 7 பேர் வீட்டிலும் அந்தப் பையிலும் இருக்கிறது.

பி.காமில் இதை உங்களுக்குப் பாடமாகவே நடத்தியிருப்பார்கள், மார்க்கும் வாங்கியிருப்பீர்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் மூன்றாவது தடவை போய் 220 ரூபாயைக் கேட்கும்போது வாய் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பது பாடத்தில் வராது. வசூல் என்பது ஒரு தனித் திறமை. நன்றாக விற்கத் தெரிந்து, காசைக் கேட்கத் தெரியாமல் கடையை மூடியவர்கள் எத்தனையோ பேர். உங்களுக்குக் கேட்க வாய் வருமா என்று இந்தச் சின்ன அளவிலேயே தெரிந்துவிடும். வராது என்றால் ரொக்கத்துக்கு மட்டும் விற்கிற லைனாகப் பார்க்க வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்று நான்கு சுற்று இப்படிச் செய்யுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும், ஆனால் நாள் தவறாமல் எழுத வேண்டும். கொள்முதல், விற்பனை, கடன், கைச்செலவு. வீட்டுச் செலவுக்கு அதிலிருந்து நூறு ரூபாய் எடுத்தாலும் எழுத வேண்டும். அம்மா தைத்த சரக்கை விற்றால் அம்மாவுக்குக் கூலி போட்டு எழுதுங்கள், வீட்டு ஆள் என்று விட்டுவிட்டால் அடக்க விலையே பொய்யாகிவிடும். கோடவுன் தெருவுக்குப் போகும்போது அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். துணியைத் தொட்டதும் சாயம் நிற்குமா, துவைத்தால் சுருங்குமா என்று அவர் விரல் சொல்லும். உங்களைவிட அவரைக் கடைக்காரரும் மதிப்பார். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் போக்குவரத்துக்கும் செலவில்லை.

முதல் 7,500 எங்கிருந்து வரும்? இங்கேதான் நம் ஏரியாவில் பலர் வழுக்குகிறார்கள். தண்டல் எடுக்காதீர்கள். வழக்கமான கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பத்தாயிரம் என்று பேசி, 1,500 முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார். தினமும் நூறு ரூபாய், நூறு நாள். "பத்தாயிரத்துக்கு ஆயிரத்தைநூறுதானே" என்று தோன்றும். ஆனால் நீங்கள் தினமும் திருப்பிக்கொண்டே இருக்கிறீர்கள், பாதி நாள் முடியும்போது கையில் பாதிப் பணம்கூட இல்லை. சரியாகக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 120 சதவீதம் வட்டி. 2003இலேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது, அதற்காகத் தண்டல் நோட்டு தெருவில் நடமாடுவது நிற்கவில்லை. தினமும் முழு முதலும் திரும்புகிற மீன்காரம்மாவுக்கு அது எப்படியோ கட்டுப்படியாகிறது. மாதம் சுற்றுகிற துணிக்கு ஆகாது. போன் ஆப்பில் அஞ்சு நிமிஷத்தில் கிடைக்கிற கடனும் தண்டலின் தம்பிதான்.

உங்கள் வயசில் பணத்தைவிடப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியது சிபில் கணக்கு, அதாவது வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினீர்களா என்கிற பதிவு. போன் தவணை, பைக் தவணை, ஃபிரெண்டுக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்து, இவற்றில் ஏதாவது ஒன்று பாக்கி நின்றால் நாலு வருஷம் கழித்து தொழில் கடனுக்குப் போகும்போது பேங்க் மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். நம் பக்கத்து முகவரிக்குச் சில கடன் கம்பெனிகள் பின்கோடைப் பார்த்தே பின்வாங்கும். அநியாயம்தான், ஆனால் இருக்கிறது. அதற்கு எதிராக உங்களால் முடிந்தது, உங்கள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து, விற்ற காசெல்லாம் அதன் வழியாகவே போய்வரும்படி பார்த்துக்கொள்வது. கியூஆர் கோடு அண்ணன் பெயரில், கணக்கு அப்பா பெயரில், வியாபாரம் உங்கள் பெயரில் என்று இருந்தால் உங்களுக்கு வரலாறே இருக்காது. வீடு இருக்கிற பகுதியின் கிளையிலேயே கணக்கைத் தொடங்குங்கள். பிற்பாடு கடனுக்கு விண்ணப்பித்தாலும் பெரும்பாலும் அந்தக் கிளைக்குத்தான் அனுப்புவார்கள்.

அரசுத் திட்டங்கள் பற்றி எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "மானியம் எவ்வளவு?" என்பது. அது எப்படி வேலை செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். உற்பத்திக்கு 50 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டம் போடலாம். நகரத்தில் பெண்களுக்கு மானியம் 25 சதவீதம், சொந்தப் பங்கு 5 சதவீதம். ஆறு லட்சத்தில் ஒரு தையல் யூனிட் என்றால் உங்கள் காசு 30,000, மீதி 5,70,000 பேங்க் தரும், மானியம் 1,50,000. ஆனால் அந்த ஒன்றரை லட்சத்தை யாரும் உங்கள் கையில் தருவதில்லை. மூன்று வருஷம் பேங்கிலேயே டெபாசிட்டாகக் கிடக்கும். யூனிட் ஓடுகிறதா என்று சரிபார்த்த பிறகு கடனில் கழிப்பார்கள். அந்தத் தொகைக்கு வட்டி போட மாட்டார்கள், அது நல்ல விஷயம். நடுவில் கடையை மூடினால் மானியம் திரும்பிப் போய்விடும். மெஷின் வாங்குகிற பணமும் உங்கள் கணக்குக்கு வராது, கொட்டேஷன் கொடுத்த வியாபாரிக்கு நேராகப் போகும். இது தெரியாமல் மானியத்தை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து நிற்பவர்கள் இன்றைக்கும் உண்டு.

மாநில அரசின் படித்த வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டம் 15 லட்சம் வரை. மானியம் 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம். எட்டாம் வகுப்பு போதும், குடும்ப வருமானத்துக்கு வரம்பு உண்டு, நீங்கள் படித்து முடித்த பிறகுதான் பொருந்தும். பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பம் என்றால் 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் எல்லாவற்றையும்விட நல்லது, முதலீட்டில் 35 சதவீதம் மானியம், வட்டியில் 6 சதவீதம் சலுகை. முத்ரா என்கிற சிறு தொழில் கடன் திட்டத்தில் சிசு வகை 50,000 வரை, அடமானம் கேட்கக் கூடாது, ஆனால் மானியம் கிடையாது. முத்ராவுக்கு நேராக பேங்குக்கே போகலாம். மற்ற திட்டங்களுக்கு சென்னை மாவட்டத்தில் போக வேண்டிய தொழில் வணிகத் துறை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. நேரில் போங்கள். "மானியம் வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் கொடு" என்று வெளியே நிற்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு கண்ணி உண்டு. பிரதமர் திட்டம் புது யூனிட்டுக்கு மட்டும்தான். ஏற்கெனவே நடக்கிற தொழிலுக்குக் கிடையாது. அதனால் ஆர்வக் கோளாறில் இப்போதே உங்கள் பெயரில் உத்யம் சான்றிதழ் (சிறு தொழில் பதிவு), கடைப் பெயரில் கரண்ட் அக்கவுண்ட் என்று எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம். நாளைக்கு "உன் தொழில் பழசு" என்று திருப்பி அனுப்புவார்கள். படிக்கிற காலத்து ஐம்பது நைட்டிக்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம். உத்யம் பதிவு தேவைப்படுகிற நாளில் ஆதாரும் பான் கார்டும் இருந்தால் இலவசமாக நீங்களே போட்டுக்கொள்ளலாம், அதற்கு இரண்டாயிரம் மூவாயிரம் கேட்கிற இணையதளங்கள் அரசாங்கத்துடையவை அல்ல.

ஜி.எஸ்.டி.யைப் பற்றி இப்போது கவலைப்பட ஒன்றுமில்லை. தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. வெளி மாநிலத்துக்கு ஒரு பார்சல் அனுப்பினாலும் கதை வேறு, பதிவு வேண்டும். இன்ஸ்டாகிராமில் படம் போட்டு விற்கிற பிள்ளைகள் இதில்தான் மாட்டுகிறார்கள். கடை பிடிக்கிற நாளில் மாநகராட்சித் தொழில் உரிமம், கடைக்கான மின் கட்டண வகை, பத்து மாத அட்வான்ஸ் என்று வரும், அதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, பேங்க் பரீட்சை. வீட்டில் சொல்வதை எதிர்த்து நிற்க வேண்டாம், எழுதுங்கள். ஆனால் ஒன்று தெரிந்து எழுதுங்கள். அரசு வங்கியில் வேலை கிடைத்தால் நடத்தை விதிப்படி உங்கள் பெயரில் வியாபாரம் செய்ய முடியாது. கனவு அத்தோடு பல வருஷம் தள்ளிப்போகும், அல்லது அம்மா பெயரில் நடக்கும். என்னைக் கேட்டால், டிகிரி முடித்ததும் டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர் தெரிந்துகொண்டு ஜார்ஜ் டவுனில் ஒரு துணி மொத்தக் கடையில் பில் போடுகிற வேலைக்குச் சேருவது நல்லது. சம்பளம் குறைவுதான், உட்கார இடமும் நெருக்கடிதான். ஆனால் எந்த ஊர் பார்ட்டிக்கு எத்தனை நாள் கடன், சீசன் முடிந்ததும் எந்தச் சரக்குக்கு விலை இறங்குகிறது, முதலாளி எந்த போனை எடுக்கிறார், எந்த போனை எடுக்க மாட்டார் என்பதெல்லாம் அந்த நாற்காலிக்கு வந்து சேரும். இரண்டு தீபாவளி அங்கே இருந்தாலே போதும். படிப்பை நடுவில் விடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்காதது நல்லது. விடக் கூடாது.

தொழில் ஆரம்பித்தபோதே எதில் முடியப் போகிறோம் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை ஆரம்பித்தது குழந்தைகள் ஊதுகிற பலூன் செய்கிற தொழில். 1949இல் தம்புச் செட்டித் தெருவில் ஆபீஸ். 1952இல்தான் பழைய டயருக்கு மேல் ஒட்டுகிற ட்ரெட் ரப்பருக்கு வந்தார். டயர் தொழிற்சாலை 1961இல். அதுதான் எம்.ஆர்.எஃப். பலூனில் ரப்பரைப் படித்தார், அப்புறம் அந்த ரப்பரில் காசு எங்கே இருக்கிறது என்று பார்த்தார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பலர் ஒன்றை விட்டுவிடுவார்கள். அவர் பத்திரிகையும் பேங்கும் நடத்திய குடும்பத்துப் பிள்ளை. அந்த பேங்க் 1938இல் மூடப்பட்டு சொத்து போனது உண்மை, ஆனால் கணக்கும் வியாபாரப் பேச்சும் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர். உங்களுக்கு அந்தப் பேச்சு வீட்டில் கிடைக்கவில்லை. அதற்காகத்தான் பில் போடுகிற நாற்காலியைச் சொன்னேன்.

இடம் மாறினால் தொழில் என்ன ஆகும் என்பதற்கும் இங்கேயே சாட்சி உண்டு. கொத்தவால் சாவடியில் தலைமுறையாக இருந்த காய்கறி மொத்த வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது. புது மார்க்கெட்டில் கடை எடுத்தவர்கள் பிழைத்தார்கள், அந்தத் தெருவின் கூட்டத்தை மட்டுமே நம்பிச் சின்னச் சின்னக் கடை வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டமானது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மெட்ரோ வேலை நடந்தபோதும் தகரத் தடுப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட கடைகளுக்கு வாசலில் ஆள் நடமாட்டமே இல்லாமல் போனது. வாடகைக்குக் கடை பார்க்கிற நாளில் இன்றைய கூட்டத்தை மட்டும் பார்க்காமல் அந்த ரோட்டில் என்ன வேலை வரப்போகிறது என்று வார்டு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று, யாருக்கு விற்பது என்பது. தைத்த சரக்கைப் பெரிய கடைகளுக்குப் போடுவதுதான் வளர்ச்சி என்று தோன்றும். பெரிய கடை ஆயிரம் பீஸ் எடுக்கும், காசு தொண்ணூறு நாள் கழித்து வரும். சட்டப்படி, உத்யம் பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக. புகார் செய்யத் தனிக் கவுன்சிலும் இருக்கிறது. ஆனால் வாங்கி விற்கிற வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, தைத்துக் கொடுக்கிறவருக்குத்தான் உண்டு. கையில் இருக்கிற ஒரே பெரிய பார்ட்டிமேல் யாரும் லேசில் புகார் செய்வதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால் ஆரம்பத்தில் ஒரு பெரிய கடைக்குப் பதிலாக, பெரம்பூர், தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கம் ரொக்கம் கொடுக்கிற பத்துச் சின்னக் கடைகளைப் பிடியுங்கள். அலைச்சல் அதிகம்தான். ஆனால் ஒருவர் காசு தராவிட்டாலும் அம்மாவுக்குச் சனிக்கிழமைக் கூலி போடுவதில் தடை வராது.